அடிச்சாத்தான் கேஸா? குடும்ப வன்முறைச் சட்டத்த நம்ம கடக்கரைல வெச்சு புரிஞ்சுக்கலாம்

போன ஆவணில பாம்பன் பக்கம் ஒரு ஊர்ல கடல்பாசி எடுக்கற அக்காங்களுக்கு சட்ட விழிப்புணர்வு கூட்டம் போட்டிருந்தாங்க. நான் வக்கீல் இல்ல, இலவச சட்ட உதவி வேலைல தன்னார்வலரா இருக்கேன், ராமநாதபுரத்துல இருந்து பஸ் புடிச்சு போய் சேந்தப்ப கூட்டம் ஆரம்பிக்கல, யாவாரி வந்துட்டாரு, எல்லாரும் தராசு கிட்ட நின்னுட்டு இருந்தாங்க. காஞ்ச மரிக்கொழுந்து பாசி சாக்கு சாக்கா வருது, ஒரு அக்கா தன் சாக்க தூக்கி வெக்கறாங்க, விரல் எல்லாத்துலயும் துணிக்கிழிசல சுத்தியிருக்காங்க, பாறைல பாசி பறிக்கறப்ப கை கிழிஞ்சிரும்ல அதுக்கு. எடை போட்டாச்சு, யாவாரி நோட்ட எண்ணுறாரு, எண்ணி பக்கத்துல நின்ன ஒருத்தர் கைல குடுக்கறாரு. அவரு அந்த அக்காவோட வீட்டுக்காரர். அந்த அக்கா கைய நீட்டக்கூட இல்ல, சாக்க உதறி மடிச்சு கக்கத்துல வெச்சுகிட்டு நேரா கூட்டத்துக்கு வந்து உக்காந்துட்டாங்க.

கூட்டத்துல நான் குடும்ப வன்முறைன்னு ஆரம்பிச்சதும் அதே அக்காதான் முதல்ல பேசுனாங்க. "எங்க வீட்ல அதெல்லாம் இல்லம்மா, அவரு கை நீட்ட மாட்டாரு, காச மட்டும் கேக்காம எடுத்துக்குவாரு, அது எல்லா வீட்லயும் உள்ளதுதானே." சுத்தி இருந்தவங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. அன்னிக்கு நான் எழுதி கொண்டு போன பேப்பர மடிச்சு வெச்சுட்டு அந்த ஒரு வரில இருந்தே பேசுனேன், இந்த கட்டுரையும் அங்க இருந்துதான் வருது.

சட்டத்தோட பேரு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. கோர்ட்டு வாசல்ல டி.வி. (டொமஸ்டிக் வயலன்ஸ்) கேஸ்னு சொல்லுவாங்க, அது இதுதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு பிரிவு கிடையாது, தங்கச்சிமடத்துல சர்ச்சுல ஓல படிச்சு (கல்யாண அறிவிப்பு) கல்யாணம் பண்ணவங்களுக்கும் கீழக்கரைல நிக்காஹ் ஆனவங்களுக்கும் தேவிபட்டினத்துல தாலி கட்டுனவங்களுக்கும் ஒரே சட்டம்.

இதுக்கு முன்னாடி சட்டமே இல்லையான்னா இருந்துச்சு. 1983-ல இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐ.பி.சி.) 498ஏ பிரிவு வந்துச்சு, புருஷனோ அவர் வீட்டு ஆளுங்களோ கொடுமை பண்ணா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் (2024 ஜூலை 1-ல இருந்து அது ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 85-வது பிரிவு). அது ஒண்ணும் சும்மா கெடச்ச சட்டம் இல்ல, வரதட்சணைக்காக பொண்ணுங்கள எரிச்ச காலத்துல பெண்கள் அமைப்புங்க தெருவுல இறங்கி போராடி வாங்குனது. ஆனா அதுல ஒரு சிக்கல். ராத்திரி பதினொரு மணிக்கு புள்ளைய இடுப்புல வெச்சுகிட்டு வாசல்ல நிக்கற பொண்ணுக்கு அந்த நேரத்துல முதல் கேள்வி அவன உள்ள வெக்கணுமாங்கறது இல்ல, நான் இன்னிக்கு எங்க படுப்பேன், நாளைக்கு சோத்துக்கு என்ன பண்ணுவேன், புள்ளைய புடுங்கிட்டு போயிருவாங்களோ, இதுதான் கேள்வி. கிரிமினல் சட்டத்துக்கு தப்பு செஞ்சவனுக்கு என்ன தண்டனைன்னு கேக்கத் தெரியும், அடிபட்டவளுக்கு என்ன வேணும்னு கேக்கத் தெரியாது. பெண்ணியம்னு பெரிய வார்த்தை சொல்றோமே, இந்தச் சட்டத்த பொறுத்தவரைக்கும் அது இந்த ஒரு கேள்விய மாத்திக் கேட்டதுதான்.

கேள்விய மாத்துனது சுலபமா நடக்கல. 90-கள்ல இருந்தே லாயர்ஸ் கலெக்டிவ்ங்கற அமைப்புல வக்கீல் இந்திரா ஜெய்சிங்கும் அவங்களோட இருந்தவங்களும் ஊர் ஊரா பெண்கள் அமைப்புங்க கிட்ட பேசி ஒரு வரைவு எழுதுனாங்க. 2002-ல அப்போதைய அரசாங்கம் ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அதப் பாத்து பெண்கள் அமைப்புங்களுக்கு அதிர்ச்சி. ஏன்னா அதுல வழக்கமா அடிச்சாத்தான் வன்முறைன்னு இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, எத்தன தடவ அடிச்சா வழக்கம்? வாரத்துக்கு ஒண்ணா, மாசத்துக்கு ரெண்டா, அத யாரு எண்ணி கணக்கு வெப்பா? அதுமட்டும் இல்ல, தன்னையோ தன் சொத்தையோ பாதுகாக்கறதுக்காக செஞ்சிருந்தா அது வன்முறைல சேராதுன்னும் ஒரு விலக்கு இருந்துச்சு. அதாவது வீட்டு பத்திரத்த காப்பாத்தறதுக்குன்னு சொல்லி பொண்டாட்டிய தள்ளி விட்டா கணக்குல வராது. இத எதுத்து எழுதி, பாராளுமன்ற கமிட்டி முன்னாடி போய் பேசி, அந்த மசோதா போய், கடைசில 2005-ல வேற மாதிரி ஒரு சட்டமா வந்துச்சு. இப்ப இருக்கற சட்டத்துல ஒரு தடவ போதும். அந்த ஒரு வார்த்தைய எடுக்கறதுக்கு மூணு வருஷ சண்ட.

சரி, சட்டம் எத வன்முறைங்குது? 3-வது பிரிவுல நாலு விதம் இருக்கு: உடம்பு, பாலியல், வாய் வார்த்தையும் மனசும், அப்புறம் பணம். உடம்ப பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரியும். வாய் வார்த்தைன்னா சும்மா சண்டைல திட்டறது எல்லாம் வருமான்னு கேப்பாங்க, கேவலப்படுத்தறது, நடத்தைய பத்தி பேசறது, மிரட்டறதெல்லாம் வரும், குறிப்பா புள்ள இல்லன்னோ ஆம்பளப் புள்ள இல்லன்னோ குத்திக் காட்டறது சட்டத்துலயே வெளிப்படையா எழுதியிருக்கு. மூணாவதும் பொம்பளப் புள்ளையான்னு மாமியா ஆஸ்பத்திரி வார்டுலயே மூஞ்ச திருப்பிகிட்டு போனத நம்மள்ல எத்தன பேரு பாத்திருப்போம், அதுக்கு சட்டத்துல பேரு இருக்குன்னு தெரியறதே ஒரு பலம்.

பாலியல் விஷயத்துல ஒண்ண மறைக்காம சொல்லணும். கல்யாணம் ஆன 18 வயசுக்கு மேற்பட்ட மனைவிய புருஷன் வற்புறுத்தறது இன்னும் நம்ம கிரிமினல் சட்டத்துல பலாத்காரம் இல்ல, பழைய ஐ.பி.சி.ல இருந்த அந்த விதிவிலக்க 2024-ல வந்த புதுச் சட்டத்துலயும் அப்படியே வெச்சுட்டாங்க. இது தப்பு, மாறணும்னுதான் நான் நெனைக்கறேன். ஆனா இந்த 2005 சட்டத்துல கல்யாணம் ஆனதுக்காக அப்படி ஒரு விலக்கு குடுக்கல, இஷ்டம் இல்லாம செய்யற பாலியல் கொடுமை புருஷன் செஞ்சாலும் வன்முறைதான், அதுக்கு பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம். கூட்டத்துல இத சொன்னப்ப யாரும் ஒண்ணும் பேசல. கூட்டம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கறப்ப ரெண்டு பேரு தனித்தனியா வந்து கேட்டாங்க.

இப்ப பணம். தராசு கிட்ட பாத்தத இங்க வெச்சுப் பாக்கணும். இந்தச் சட்டத்துல புகார் எழுத ஒரு படிவம் இருக்கு, குடும்ப நிகழ்வு அறிக்கைன்னு பேரு, பாதுகாப்பு அலுவலர் (மாவட்ட சமூக நலத்துறைல இருக்கற அதிகாரி) உங்க கிட்ட கேட்டு கேட்டு நிரப்புவாங்க. அதுல என்னென்ன நடந்துச்சுன்னு வரிசையா போட்டிருக்கும், பொருளாதார வன்முறைங்கற தலைப்புல செலவுக்கு காசு குடுக்காதது, சாப்பாடு துணி மருந்து வாங்கித் தராதது, வேலைக்கு போக விடாதது, வீட்ட விட்டு வெளிய தள்ளுறது, கரண்ட் பில் வாடகை கட்டாம விடுறதுன்னு போகும், அதுல ஒரு வரி, உங்க சம்பளத்தையோ கூலியையோ எடுத்துக்கறது. அந்த வரிய நான் சத்தமா படிச்சேன். அந்த அக்கா "திருப்பி படிங்க"ன்னாங்க. திருப்பி படிச்சேன்.

கழுத்தளவு தண்ணில கண்ணாடிய மாட்டிகிட்டு மூச்ச புடிச்சு முங்கி, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி வர்ற நாள்ல மட்டும் கிடைக்கற வேல, அந்த காசு அவங்க கைய தொடாமலே போகுது. மாசா மாசம் வர்ற உரிமைத்தொகையோட ஏ.டி.எம். கார்டு அவர் சட்டப்பையில. குழு கடன் எடுத்தது அவங்க பேர்ல, செலவு பண்ணது அவரு, வாரா வாரம் கட்டறது திரும்ப அவங்க. கல்யாணத்துக்கு போட்ட நகை அடகுக்கடைல இருக்கு, ரசீது எங்கன்னு கேக்கக்கூடாது. இதெல்லாம் தனித்தனியா பாத்தா குடும்பம்னா இப்படித்தாம்மான்னு தோணும், சேத்துப் பாத்தா ஒரு பொண்ணு வீட்ட விட்டு கிளம்பணும்னு நெனச்சாக்கூட பஸ்ஸுக்கு காசு இல்லாம பண்றதுக்கு இதவிட நல்ல வழி இல்லன்னு புரியும். அதனாலதான் பெண்ணியவாதிங்க இத வன்முறைன்னே எழுதணும்னு நின்னாங்க. அடிக்கு மருந்து போட்டா ஆறிடும், கைல காசு இல்லாதவ அடி வாங்கிகிட்டு அங்கயேதான் இருக்கணும்.

கூட்டத்துல ஒரு வயசான அத்தை சொன்னாங்க, "தடைக்காலத்துலதாம்மா இது சாஸ்தி, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு ஆம்பளைங்க கரைல கிடக்காக, தொழில் இல்ல, கடன் தொல்ல, குடிக்காக, அடிக்காக, கடலுக்கு போனா சரியாயிரும்." அந்த கஷ்டம் பொய் இல்ல. டீசல் விலை, வலை போறது, இலங்கை நேவி புடிச்சுட்டு போறது, படக திருப்பி தராதது, இதெல்லாம் இந்தக் கரைல பொறந்த எனக்கும் தெரியும், எங்க வீட்லயும் கடலுக்கு போனவங்க இருக்காங்க. ஆனா நான் அத்தைகிட்ட ஒண்ணு கேட்டேன். குடிச்சுட்டு கோவம் வந்தா சம்மாட்டிய (படகு முதலாளிய) அடிக்கறாரா? கடன் குடுத்தவன அடிக்கறாரா? இல்லல்ல. வீட்டுக்கு வர்ற வரைக்கும் கோவத்த புடிச்சு வெச்சுக்க முடியுது, வீட்ல வந்துதான் முடியல. அப்ப அது குடியோட வேல மட்டும் இல்ல, இங்க அடிச்சா யாரும் கேக்க மாட்டாங்கங்கற தைரியம். அத்தை கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அது சரிதான்"னாங்க.

அடுத்தது வீடு. இந்தச் சட்டத்துலயே பெரிய விஷயம் எனக்கு இதுதான். 17-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, சேந்து வாழ்ந்த வீட்ல இருக்கறதுக்கு அந்த பொண்ணுக்கு உரிமை உண்டு, பட்டா பத்திரம் அவ பேர்ல இருக்கணும்னு அவசியமே இல்ல. இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். ஏன்னா கரையோரத்துல பாதி வீடு மாமனார் பேர்ல இருக்கும், மாமியா பேர்ல இருக்கும், சிலது பொறம்போக்கு, பட்டாவே இருக்காது. "இது எங்கப்பன் வீடு, வெளிய போடி"ங்கறதுதான் இந்தப் பக்கம் பொம்பளைங்க அதிகமா கேக்கற வார்த்தை, அந்த ஒரு வார்த்தைக்கு பயந்து எத்தனையோ பேரு எத்தனையோ பொறுத்துக்கறாங்க. கீழக்கரை மாதிரி ஊர்கள்ல பொண்ணுக்கு வீடு குடுத்து கட்டி வெக்கற வழக்கம் உண்டு, கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு தன் வீட்லயே இருப்பா, மாப்பிள்ளைதான் அங்க வரணும். அங்க எல்லாமே சரியா இருக்குன்னு சொல்ல வரல, ஆனா வெளிய போன்னு யாரு யார சொல்ல முடியும்ங்கறது அங்க வேற மாதிரி இருக்கு. சொந்தமா கூரை இருக்கறவளுக்கும் இல்லாதவளுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இந்த உரிமைய கோர்ட்டே ஒரு சமயம் சுருக்கிடுச்சு. சட்டம் வந்த அதே 2006 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், மாமியா பேர்ல இருக்கற வீடு மருமகளுக்கு பகிர்ந்து வாழ்ந்த வீடா ஆகாதுன்னு ஒரு தீர்ப்பு சொல்லிடுச்சு. உடனே என்னாச்சு, வீடு என் பேர்ல இல்ல, எங்க அம்மா பேர்லன்னு காட்டி மருமகள வெளிய அனுப்ப ஒரு வழி கிடைச்சிருச்சு. கிட்டத்தட்ட 14 வருஷம் கழிச்சு, 2020 அக்டோபர் 15-ல மூணு நீதிபதிங்க அமர்வு அது தப்புன்னு மாத்துச்சு, வீடு மாமனார் மாமியா பேர்ல இருந்தாலும் அந்த பொண்ணு அங்க குடும்பமா வாழ்ந்திருந்தா அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான்னு சொல்லுச்சு. ஒண்ணு தெளிவா வெச்சுக்கணும், இது குடியிருக்கற உரிமை, வீடு சொந்தமாகாது. வயசான மாமனார் மாமியாவோட நிலைமையையும் கோர்ட்டு பாக்கும், தேவைப்பட்டா அதே தரத்துல வேற வீடு பாத்து குடு, இல்ல வாடகைய கட்டுன்னு புருஷனுக்கு உத்தரவு போடலாம். அந்த வீட்லயே இருக்கறது ஆபத்துன்னா அவரையே வெளிய போகச் சொல்லவும் 19-வது பிரிவுல இடம் இருக்கு. எப்பவும் பொண்ணுதான் மூட்டைய கட்டணுமா என்ன?

பொண்டாட்டிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம்னு ஒரு எண்ணம் இருக்கு, இல்ல. அம்மா, அக்கா தங்கச்சி, மக, தத்தெடுத்த பொண்ணு, தாலி கட்டாம கல்யாணம் மாதிரியே சேந்து வாழ்ந்தவங்க எல்லாரும் வரலாம். விதவைங்களும் வரலாம், இத இங்க அழுத்தி சொல்றேன், ஏன்னா கடல்ல புருஷன பறிகொடுத்த பொண்ணுங்க நிறைய உள்ள கரை இது, பதினாறு முடியறதுக்குள்ள கொழுந்தன் வந்து உங்க அம்மா வீட்டுக்கு போயிருங்க மதினின்னு சொல்றது நடக்குது. 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம் ஒரு விதவைப் பொண்ணோட வழக்குல, வன்முறை நடந்த நேரத்துல அவ அந்த வீட்டுக்குள்ளயே இருந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல, இருந்தாலும் இல்லாட்டியும் உரிமை உண்டுன்னு சொல்லியிருக்கு. முன்னாடி எதிர்மனுதாரர் வயசு வந்த ஆம்பளையா இருக்கணும்னு சட்டத்துல ஒரு வார்த்தை இருந்துச்சு, 2016-ல அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க, அதனால இப்ப மாமியா நாத்துனா மேலயும் நேரடியா மனு போடலாம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு போனாத்தான் கேஸா? அதுவும் இல்ல. இது சிவில் தன்மையுள்ள சட்டம். மனு குடுத்தவுடனே யாரையும் அரெஸ்ட் பண்ண மாட்டாங்க. புருஷன் ஜெயிலுக்கு போனா வீட்ல அடுப்பெரியாதுன்னு பயப்படற நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. முதல்ல கோர்ட்டு உத்தரவு போடும்: அடிக்காத, அவ வேல செய்யற இடத்துக்கு போய் தொல்ல குடுக்காத, போன் பண்ணி மிரட்டாத, வீட்ட விட்டு வெளியேத்தாத, மாசம் இவ்வளவு குடு, நகைய திருப்பிக் குடு, புள்ள அம்மாகிட்ட இருக்கட்டும். அந்த பாதுகாப்பு உத்தரவ மீறினாத்தான் குற்றம், அதுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. பொய்க் கேஸ் போட்டு ஆம்பளைங்கள ஜெயில்ல தள்ளுறாங்கன்னு டீக்கடைல பேசறவங்க இத ஒரு தடவையாவது படிக்கணும். திருந்த ஒரு வாய்ப்பு குடுத்து, அதையும் மீறுனவருக்குத்தான் தண்டனைன்னு எழுதியிருக்கற சட்டம் இது.

போக வேண்டிய இடம் மாவட்ட சமூக நலத்துறைல உள்ள பாதுகாப்பு அலுவலர், இல்லன்னா நேரா மாஜிஸ்திரேட் கோர்ட்டு. கல்யாணம் பண்ணிக் குடுத்தது நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ, இப்ப அம்மா வீட்டுக்கு மண்டபம் வந்திருக்கீங்கன்னா அங்க அலைய வேண்டாம், தற்காலிகமா தங்கியிருக்கற இடத்துலயே மனு போடலாம்னு 27-வது பிரிவு சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரங்க கூட பாதுகாப்பு அலுவலருக்கு தகவல் குடுக்கலாம், நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல வழக்கு வராது. மனு போட்டா சாதாரணமா 3 நாளைக்குள்ள முதல் விசாரணை, 60 நாளைக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு. நடைமுறைல இழுக்குது, அதுதான் உண்மை, வாய்தா வாய்தான்னு ஒரு நாள் பாசி வேலைய விட்டுட்டு ராமநாதபுரம் வந்து திரும்பற அக்காங்கள நானே பாத்திருக்கேன். அதனால முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்க, 23-வது பிரிவு. இறுதி தீர்ப்பு வர்ற வரைக்கும் அதுதான் கைப்புடி.

இன்னொண்ணு, எங்க போனாலும் சேத்து வெக்கறதுல குறியா இருப்பாங்க. ஊர்க் கூட்டமானாலும் சரி, ஸ்டேஷன் ஆனாலும் சரி, ரெண்டு பேரையும் உக்கார வெச்சு அவரையும் ரெண்டு திட்டு, இவங்களையும் ரெண்டு திட்டு, நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னு எழுதி வாங்கி அனுப்பிடுவாங்க. இந்தச் சட்டத்துலயும் மாஜிஸ்திரேட் கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம், ஆனா 2006-ல போட்ட விதிகள்ல ஒண்ணு இருக்கு, கவுன்சிலிங்ல வன்முறை செஞ்சவரு அதுக்கு நியாயம் சொல்ல விடக்கூடாது. குடிச்சிருந்தேன், எதுத்துப் பேசுனா, சோறு ஆறிப்போச்சு, எதுவும் செல்லாது. இத எத்தன இடத்துல கடைப்பிடிக்கறாங்கங்கறது வேற பேச்சு, ஆனா நியாயம் பேச ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்ல உங்களுக்கு விதி இருக்கு.

வக்கீல் பீஸுக்கு பயப்பட வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் பண்ணா வழி சொல்லுவாங்க. ராத்திரி பகல் எந்நேரமும் உதவிக்கு 181. கோர்ட்டு உத்தரவு நகலுக்கும் காசு கிடையாது.

போறப்ப ஆதார், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு, அடகு ரசீது, குழு கடன் அட்டை, பேங்க் பாஸ்புக் இதுல எது கைல இருக்கோ எடுத்துக்கோங்க, ஒரு கேரிபேக்ல போட்டு தண்ணி படாம அம்மா வீட்லயோ நம்புற தோழி வீட்லயோ முன்கூட்டியே வெச்சிருங்க. எல்லாத்தையும் அவரு பூட்டி வெச்சிருக்காருன்னா பரவால்ல, பேப்பர் இல்லாமயே போங்க, பேப்பர பூட்டி வெச்சதையும் அந்த படிவத்துல எழுதச் சொல்லுங்க. அந்த தராசு அக்கா கிளம்பறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, இப்ப உடனே கேஸ் போட வேணாம், யாவாரிகிட்ட அடுத்த தடவ காச என் கைல குடுங்கன்னு சொல்லலாமா, அதுக்கு சட்டத்துல இடம் இருக்கான்னு. அதுக்கு சட்டமே வேண்டாம்க்கா, பறிச்சது நீங்க, சொல்லுங்கன்னேன். அன்னிக்கே பக்கத்துல இருந்த மூணு பேரு, நாங்களும் கூட நிக்கோம்னாங்க.